முழங்கால் அளவு

புது மாபிள் பதித்த நாளிலிருந்து
விறாந்தையைக் கடக்கிற நேரமெல்லாம்
சாரனை முழங்கால் வரை தூக்கிக்கொள்கிறார்
உதுமாலெவ்வை.

"எல்லாம் அந்தக் கடல் வந்த நாள்தான்" என்கிறா
பக்கத்து வளவு ஹயாத்தும்மா.
அன்றைக்கு இவர் நின்றது குருநாகலில்,
நெல் லொறியோடு.
கடலைக் காணவேயில்லை.
ஆனாலும் தலையாட்டினேன்.
காரணம் ஒன்று கையில் கிடைத்தால்
கொஞ்சம் நித்திரை வரும்.

நெல்லுக் கணக்குக் கொப்பியின் பின்பக்கம்
எழுதத் தொடங்கினது மறுகாதான்.
காலை ஆறரை: தலையணையைத் தடவுகிறார், பூனையைப் போல.
பத்து மணி: சுவரில் கன்னத்தை வைத்து நிற்கிறார். சுவர் குளிர்.
அசருக்குப் பிறகு: சேட்டுக் கையைச் சப்புகிறார்.

சப்பல் ஏழு நாள்.
ஓதித் தந்த தண்ணி குடுத்தேன்.
"மாமா சின்னப்புள்ள ஆகிட்டார்" என்று மருமகன் சிரித்தான்.
நானும் சிரித்தேன். அதை எழுதவில்லை.
எட்டாம் நாள் ரோச் அடித்து வாயைத் திறந்தால்
கடைவாய்ப் பல் உடைந்து
அந்த முனையில் நாக்கின் ஓரம் கிழிந்து
வெள்ளையாய்க் கிடக்கிறது.
தடிமன் வந்தாலே
வீட்டைத் தலைகீழாக்குகிற மனிசன்.
நோகுது என்கிற ஒரு சொல்லைத் தொலைத்துவிட்டுத்
துணியைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

சாய்வு வேறு கதை.
கதிர் முற்றிக் காற்றில் படுத்த வயல் மாதிரி
ஒரே இடப்பக்கம், நான் இருக்கிற பக்கம்.
காது குடுக்கிறார் என்று நினைத்து
பேசிக்கொண்டே இருந்தேன்:
மூத்தவள் வீட்டுச் சண்டை, உர விலை,
கலியாணமான புதுசில்
அவருடைய உம்மாவில் எனக்கிருந்த கோபம்.
இருபது நாள்.

"அது குளிசை செய்யிற வேலை அம்மா"
கல்முனையில் டொக்டர் பிள்ளை சொன்னாள்.
பாதியாகக் குறைத்தாள்.
நிமிர்ந்துவிட்டார்.
அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.
மறுகா இரண்டு நாள்
ஒருவரோடும் பேசப் பிடிக்கவில்லை.

மாபிளுக்கும் அவளிடம் பதில் இருந்தது.
மினுங்குகிற தரை அவர் கண்ணுக்குத் தண்ணி.
கறுத்த கால்மிதி, கிணறு.
குசினி வாசலில் எட்டிப் பாய்ந்து
விழப்போனது அதற்குத்தான்.
கால்மிதியைச் சுருட்டி ஆட்டுக் கொட்டிலில் போட்டேன்.
யன்னலுக்குத் தடித்த சீலை கட்டினேன்.
சாரன் கரண்டைக்கால் வரை இறங்கிக் கிடந்தது,
நாலு நாள்.
கொப்பியில் 'சரி' போட்டேன்,
கணக்கு வாத்தியார் மாதிரி, பெரிதாய்.

நேற்று இரவு இரண்டு பத்து.
கறண்ட் இல்லை. நிலவில்லை.
மினுங்க ஒரு பொட்டு வெளிச்சமில்லை.
ரோச்சைக் கிறுக்கினால் விறாந்தை நடுவில் அவர்.
ஒரு கையில் தூக்கின சாரன்,
மற்றக் கை பின்னால் நீண்டு
விரல் விரிந்து எதையோ தேடிக்கொண்டு.

தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்த ஒரு மாரியில்
சாகாமம் வாடிக்குப் போகிற வழியில்
அந்தக் கையைப் பிடித்திருக்கிறேன்.
அதுதானா? தெரியாது.
கதை கட்டுவதில் நான் கெட்டிக்காரி.
சாய்வில் பட்டது போதும்.

"ஆழம் புள்ள, பாத்து வா."

ரோச்சை நூர்த்தேன்.
கையைக் குடுத்தேன்.
மெக்ஸியைத் தூக்கிப் பிடித்தேன்.
கால் வைத்து, கால் வைத்து,
அறை வாசல் மட்டும்.

கட்டிலில் இருத்தின பிறகும்
சாரன் விளிம்பை
இரண்டு கையாலும் பிழிந்துகொண்டிருந்தார்.

வாயைத் திறந்து பார்த்தேன், புண் இல்லை.
நெற்றியில் சூடில்லை.
பாதத்தைத் தொட்டேன்,
காய்ந்துதான் இருந்தது.
பிறகு, ஏனோ,
என் மெக்ஸியின் ஓரத்தையும்.